சுல்தான்மாரோடு ஸாஹிராவுக்கு இருந்த வழக்கு

சுல்தான் சலாஹுத்தீன் திரையில் தோன்றி ஸலாம் சொன்னால், ஸாஹிரா முதலில் முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொள்வாள். பதில் ஸலாம் அதற்குப் பிறகுதான். பதில் சொல்லாமல் விட்டால் பாவம், தலையைத் திறந்துகொண்டு சொன்னால் அதுவும் பாவம். கம்ப்யூட்டருக்குள் இருக்கிற மனுஷன் மவுத்தாகி எண்ணூறு வருஷம் ஆகிவிட்டதே, அவருக்கு என்ன கண்ணா தெரியப்போகிறது என்று நீங்கள் கேட்பீர்கள். நன்றாகக் கேளுங்கள். ஐம்பத்திநாலு வயதில் புருஷனைக் கபுறுக்கு அனுப்பிவிட்டு, நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்கிற பெண்ணுக்கு ஊர் எத்தனை சட்டம் போடும் என்று இருந்து பார்த்தவளுக்குத்தான் தெரியும்.

வெள்ளைச் சேலை. ஜன்னலுக்குத் திரை. வாசல்படியைத் தாண்டக் கூடாது, அந்நிய ஆண் கண்ணில் படக் கூடாது. றக்வானக் கடைத்தெருவுக்குப் பின்னால், தேயிலை மலை கூரைமேல் சாய்ந்துவிடுமோ என்று பயப்படும்படி நிற்கிற வீடு அவளுடையது. ஒரே மகள் அம்ரா தோஹாவில். வாப்பாவின் ஜனாஸாவுக்கு அவளால் வந்து சேர முடியவில்லை. மூன்றாம் நாள் வந்தாள், பத்து நாள் அழுதாள், லீவு முடிந்து போய்விட்டாள். நாற்பதாம் நாள் கத்தம் வரைக்கும் வீட்டில் சட்டி பானை உருண்டது. நாற்பத்தோராம் நாள் காலையில் சுவர்க்கடிகாரம் ஓடுகிற சத்தம் கேட்டது. அந்தக் கடிகாரத்துக்குச் சத்தம் உண்டென்பதே அவளுக்கு அன்றுதான் தெரியும்.

அன்றைக்குத்தான் அவள் ஸம்சுதீனின் அறைக்குள் போய் அந்தக் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தாள். ஆசைக்கு உட்காரவில்லை, ஆத்திரத்துக்கு உட்கார்ந்தாள்.

பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள். ஸம்சுதீன் ஹாஜியார் இந்த விஷயத்தில் தலைகீழ். கடையில் சாரத்துணி கிழிக்கும்போது எவரோடும் உரத்துப் பேசாத மனிதர், வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரைப் போட்டால் போர்க்களம்தான். பழைய காலத்து ராஜாக்களும் சுல்தான்மாரும் நாடு பிடிக்கிற ஒரு விளையாட்டு. அம்ரா ஊரில் இருந்தபோது போட்டுக் கொடுத்தது. ஏழு வருஷம் அதிலேயே கிடந்தார். சாப்பாடு ஆறும், தேத்தண்ணி ஆறும். "இன்னம் ஒரே ஒரு சுத்து" என்பார். அறைக்குள்ளிருந்து, "சலாஹுத்தீன் ஹாஜியார், கொஞ்சம் பொறுங்கோவே" என்று முணுமுணுப்பு வரும். முப்பத்தொரு வருஷம் கூட வாழ்ந்தவளிடம் அந்த மனிதர் அப்படிக் கெஞ்சிப் பேசியதே இல்லை.

அந்தப் பௌர்ணமிப் போயா நாளும் அப்படித்தான். கடை பூட்டு. அஸர் தொழுதுவிட்டு அவர் அறைக்குள் போனார். அவள் நாலு மணிக்கு இஞ்சி பிளேன்டீ ஊற்றினாள். ஒரு தடவை கூப்பிட்டாள். "இந்தா வாறன்" என்றார். இரண்டாம் தடவை கூப்பிட்டாள். "ம்" என்றார். மூன்றாம் தடவை பதிலே இல்லை. குசினி அடுப்படியில் நின்றபடியே, பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி, "அப்ப அந்தச் சுல்தான்மாரோடயே கெடங்க! எனக்கு ஒரு மனிசன் இல்லண்டு நெனச்சிக்கொள்றன்!" என்று கத்தினாள். கத்தி வாய் மூடவும் மேலே தோட்டத்து ஃபேக்டரியில் நாலரைச் சங்கு ஊதவும் சரியாக இருந்தது.

அதற்குப் பிறகு அவள் கூப்பிடவில்லை. ரோஷம். ஐந்துக்குக் கால் மணி இருக்கும்போது ஆறின தேத்தண்ணியை மேசையில் ணங்கென்று வைப்பதற்காகத்தான் போனாள். கதிரையில் உட்கார்ந்தபடி தலை சரிந்திருந்தது. ஒரு கை மேசை விளிம்பைப் பிடித்தபடி இருந்தது. திரையில் என்ன இருந்தது என்று யார் பார்த்தது?

டொக்டர், இதயம் ஒரு நொடியில் நின்றிருக்கும் என்றார். எந்த நொடியில் என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. மூன்றாம் தடவை கூப்பிட்டபோது அவர் உயிரோடு இருந்தாரா? அந்தச் சொல் அவர் காதில் விழுந்ததா? முப்பத்தொரு வருஷத்தின் கடைசிப் பேச்சாக அதையா அந்த மனிதர் கொண்டுபோனார்? ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் கையேந்தி, "யா அல்லாஹ், அதுக்கு முந்தியே அவர எடுத்திருப்பாயே" என்று கேட்டாள். புருஷன் சீக்கிரமே செத்திருக்க வேண்டும் என்று துஆ கேட்கிற ஒரு பெண்ணை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? றக்வானவில் ஒருத்தி இருந்தாள். அதை யாரிடமும் சொல்லவும் முடியாமல் இருந்தாள்.

ஆக, அவளுக்கு அந்தச் சுல்தான்மாரோடு ஒரு வழக்கு இருந்தது. தன் மனிதரைக் கூப்பிட்டால் வராமல் பிடித்து வைத்தவர்கள் யார் யார் என்று பார்க்க வேண்டும், பார்த்து ஒவ்வொருவராக ஒரு கை பார்க்க வேண்டும்.

தொலைபேசியில் அம்ராதான் படித்துக் கொடுத்தாள். திரையில் மேலே இருந்த முதல் எழுத்தை அமத்தினால் புது ஆட்டம். ஆள் தெரிவு செய்யச் சொன்னது. வரிசையாகத் தாடிகள். பாக்தாத் கலீபா, மாலி நாட்டுத் தங்க ராஜா, மிஸ்ர் என்கிற எகிப்தின் பைபர்ஸ், நொண்டிக் காலோடு தைமூர். நடுவில் ஒரே ஒரு பெண், டில்லி ரஸியா சுல்தானா.

"உம்மா, ரஸியா வாணாம். அதுதான் ஆகக் கஷ்டமான ஆள்" என்றாள் அம்ரா. "வெளிச் சண்டைக்கு முந்தி சொந்தப் பிரபுமாரே அவக்கு எதிரா எழும்புவாங்க. பொம்பிளண்டு மதிக்க மாட்டாங்க. பழகினவங்களே அவவ எடுக்கப் பயம்."

"அப்பிடியா?" என்று சொல்லிக்கொண்டே ஸாஹிரா ரஸியாவை அமத்தினாள்.

முதல் வாரம் நாலு தடவை டில்லியைப் பறிகொடுத்தாள். பிரபுமார் கலகம் செய்தார்கள், தானியம் தீர்ந்தது, தைமூர் வந்து மிதித்துவிட்டுப் போனான். ஐந்தாம் தடவைதான் பிடி கிடைத்தது. வீடு நடத்தினவளுக்கு நாடு நடத்துவது பெரிய வித்தையா? அரிசி மூட்டையைப் பார்த்து உலை வை, முறைக்கிற உறவுக்காரனுக்கு முதல் பந்தியில் இடம் கொடு, அவ்வளவுதான். தைமூரை அடித்தாள். கலீபாவை வரி கட்ட வைத்தாள். சலாஹுத்தீனுக்குச் சவால் விட்டபோது அவர் கையை நெஞ்சில் வைத்து ஸலாம் சொன்னார். அவளும் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, "வ அலைக்குமுஸ்ஸலாம். ஒங்களத்தான் தேடிக்கொண்டிருந்தன்" என்றாள். அன்றைய பகலில் அவள் வாய் திறந்து ஒருவரோடு பேசியது அது ஒன்றுதான்.

அந்த நேரம் பார்த்துத்தானா ஸம்சுதீனின் தங்கை றஸ்மியா பெல்மதுளையிலிருந்து வந்து சேர வேண்டும்! வாசலில் நின்று காதைக் கொடுத்தவள் பதறிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"மதினி! யாரோட பேசுற நீங்க?"

"சுல்தானோட."

"இத்தாவுல ஈந்துகொண்டு அந்நிய ஆம்பிளட மொகத்தப் பாக்கலாமா?"

"புள்ள, அவர் மவுத்தாகி எண்ணூறு வருஷம்."

"மவுத்தானாலும் ஆம்பிள ஆம்பிளதானே!"

"ஒங்கட நானாவும் மவுத்துத்தான். அவர்ர போட்டோ அல்மாரிக்குள்ள ஈக்கி. அதையும் எடுத்துக்கொண்டு போறீங்களா?"

றஸ்மியாவின் முகம் சுண்டிப்போனது. அழுதாள். கூடப் பிறந்த நானாவை நினைத்து அழுதாளா, மதினியின் நாக்கை நினைத்து அழுதாளா, அது அவளுக்குத்தான் வெளிச்சம். போகும்போது ஒரு துவாயை எடுத்துத் திரைக்கு மேல் போர்த்திவிட்டுப் போனாள். த்ரீவீல் சத்தம் முடுக்கில் திரும்பும் வரை ஸாஹிரா பொறுத்திருந்தாள், பிறகு துவாயை எடுத்து மடித்து வைத்தாள். அந்த இரண்டு நிமிஷமும் தன் நாக்கைத் தானே ஏசிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் இதமாகப் பேசியிருந்தால் றஸ்மியா ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போயிருப்பாள். இந்த நாக்கு இருக்கிறதே, இது இருக்கிற மனுஷரையும் துரத்துகிற நாக்கு.

வாரத்தில் மூன்று நாள் வருகிற ஒரே ஆள் கிருஷ்ணகுமாரிதான். தேயிலைத் தோட்டத்தில், மேல் டிவிஷன் லயத்து வீட்டில் இருப்பவள். தோட்டத்தில் பேர் வெட்டி வேலை போன பிறகு கீரையும் போஞ்சியும் போட்டு வீடு வீடாகக் கொண்டு வந்து கொடுப்பாள். கூடையை இறக்கி வைத்துவிட்டு அறை வாசலில் குந்துவாள்.

"ஏங்க்கா, இந்தத் தாடிக்காரரு மேல என்னா அம்புட்டுக் கோவம் உங்களுக்கு?"

"என்ட மனிசன எடுத்துக்கொண்டது இவர்தான், குமாரி."

கிருஷ்ணகுமாரி திரையை நன்றாகப் பார்த்தாள். "எங்க வீட்டுக்காரரையும் ஒருத்தன் எடுத்துக்கிட்டாங்க்கா. அவன் கசிப்புச் சாராயம் விக்கிறவன். உங்களுக்குப் பரவால்ல, சுல்தானுங்க."

ஸாஹிராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தாவில் சிரித்தது அதுதான் முதல் தடவை. வாயைப் பொத்திக்கொண்டாள்.

சலாஹுத்தீனின் கெய்ரோக் கோட்டை அவளுக்கு மசியவில்லை. எத்தனை படை அனுப்பினாலும் மதிலில் மோதிச் சிதறியது. அதற்கும் வழி சொன்னவள் கிருஷ்ணகுமாரிதான். "மோதாதீங்க்கா. நாங்க முந்தி ஸ்ட்ரைக் பண்ணப்ப தொரை எங்கள அடிச்சாரா? இல்லீங்க. வேலைய நிப்பாட்டி, அரிசி மாவு குடுக்கிறத நிப்பாட்டி, கேட்டப் பூட்டிட்டு பங்களாவுல ஒக்காந்துட்டாரு. பதினெட்டு நாள். நாங்களே எறங்கி வந்தோம்."

ஸாஹிரா கேட்டைப் பூட்டினாள். நைல் நதி வழியை மறித்தாள், ஒட்டகப் பாதையை மறித்தாள், உட்கார்ந்துகொண்டாள். பகல் முழுக்க ஆடி, மஃரிப் பாங்கு சொல்லும்போது திரையை மட்டும் நிற்பாட்டிவிட்டு எழும்புவாள். டீவியை நிற்பாட்டுவது மாதிரி. ஆட்டத்தைப் பதிந்து வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. கீழே இருந்த பெட்டி இரவும் பகலும் ஓடிக்கொண்டே கிடந்தது. சின்னச் சின்னக் கரண்ட் வெட்டுக்கெல்லாம் ஸம்சுதீன் வாங்கி வைத்த பேட்டரிப் பெட்டி தாக்குப் பிடித்தது.

நூற்றுப் பன்னிரண்டாம் நாள் கெய்ரோவில் தானியம் தீர்ந்தது. இன்னும் ஒரே ஒரு சுற்றில் கோட்டை விழும். ஸாஹிரா திரைக்கு நெருங்கி உட்கார்ந்தாள். "இன்னம் ஒரே ஒரு சுத்து" என்று தன் வாயே சொன்னதைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டாள். அந்த நேரம் மலை வெடித்த மாதிரி ஓர் இடி. மேலே எங்கேயோ ஆல்பீசியா மரம் கரண்ட் கம்பி மேல் விழுந்தது. பேட்டரிப் பெட்டி அரை மணி நேரம் கீச்சுக் கீச்சென்று கத்திவிட்டு மூச்சை விட்டது. கெய்ரோவும் போச்சு, டில்லியும் போச்சு.

மறுநாள் லுஹர் தொழுகைக்குப் பிறகுதான் கரண்ட் வந்தது. அம்ராவுக்கு அழைப்பெடுத்து ஒரு பாட்டம் அழுதாள். மகள் பயந்துபோய், என்னவோ ஏதோவென்று கேட்டு, பிறகு சிரித்தாள்.

"உம்மா, அது தானாவே பதிஞ்சி வெச்சிருக்கும். பழைய ஆட்டம்டு ஒரு இடம் ஈக்கி. அத அமத்துங்க. ஆக மேல ஈக்கிறதுதான் ஒங்கடது. எனக்கு வேலைக்கு நேரமாகிட்டு, வெக்கட்டா?"

அமத்தினாள். நீளமாக ஒரு பட்டியல் விழுந்தது. ஆக மேலே ரஸியா, டில்லி, நேற்றைய தேதி. தொட்டால் போதும், கெய்ரோ அவள் கையில். விரலைக் கொண்டுபோனவள் கண் கீழ்வரியில் தட்டி நின்றது. அங்கே அவளுடைய பெயர் இருந்தது.

இங்கிலீஷ் எழுத்தில், தட்டித் தட்டி அடித்த தமிழ். ஆட்டத்தை இடையில் நிற்பாட்டி எழும்ப வேண்டுமானால் பெயர் போட்டுப் பதிய வேண்டும் போல. மற்றவர்கள் என்ன பெயர் போடுவார்களோ, இந்த மனிதர் என்ன காரணத்துக்கு எழும்பினாரோ அதையே போட்டு வைத்திருந்தார்.

ஸாஹிரா தேத்தண்ணி. ஸாஹிரா சோறு. ஸாஹிரா ரெண்டாம் தரம் கூப்பிட்டா. ஸாஹிராக்கு தலவலி, மருந்துக்கடை. ஸாஹிரா ஏசுறா. ஸாஹிரா சும்மா கூப்பிட்டா. ஸாஹிரா வட்டிலப்பம்.

கீழே கீழே போனாள். முடியவில்லை. ஏழு வருஷம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தேதியும் நேரமும். கூப்பிட்டால் வராத மனிதர் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாளே, அவர் எழும்பி வந்த ஒவ்வொரு தடவையும் அங்கே இருந்தது. பிந்தித்தான் வந்திருக்கிறார். ஆனால் வந்திருக்கிறார். வட்டிலப்பம் செய்த நாளை அவளே மறந்திருந்தாள்.

பிறகுதான் அவளுக்கு உறைத்தது. எல்லாவற்றுக்கும் நேரம் இருக்கிறதென்றால் அந்தப் போயா நாளுக்கும் இருக்கும். முதலில் கண்ணில் பட்ட அந்த வரிதான், ரஸியாவுக்கு நேர் கீழே இருந்தது. பெயரைப் பார்த்தவள் அதை முழுசாக வாசிக்கவில்லை. இப்போது வாசிக்க வேண்டுமானால் பட்டியலின் உச்சிக்குத் திரும்ப வேண்டும். கதிரையை விட்டு எழும்பினாள். குசினிக்குப் போய்த் தண்ணீர் குடித்தாள். "யா அல்லாஹ், நாலு இருவதுக்கு முந்தி ஈக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே வந்து உட்கார்ந்தாள். முதல் இரண்டு தடவையும் அவர் வாய் திறந்து பதில் சொன்னார். நாலு இருபதுக்குக் கூப்பிட்ட மூன்றாம் தடவைக்கு முந்திய நேரமாக அது இருந்துவிட்டால், கத்தியபோது அவர் இல்லை என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம்.

மெல்ல மேலே போனாள்.

போயா நாள் தேதி. நேரம் நாலு முப்பத்தொன்று. சங்கு ஊதி ஒரு நிமிஷம்.

ஸாஹிரா நல்லா ஏசிட்டா. எழும்புறன்.

கேட்டிருக்கிறார். ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கிறார். நூற்றுப் பதின்மூன்று நாளாக எது நடந்திருக்கக் கூடாது என்று அல்லாஹ்விடம் மன்றாடினாளோ, அதுதான் நடந்திருந்தது. ஸாஹிரா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். கேட்டும் கோபப்படாமல், அந்தப் பொல்லாத பேச்சையும் வழக்கமான ஏச்சோடு ஏச்சாக எழுதி வைத்துவிட்டு, மேசை விளிம்பில் கையூன்றி அவளிடம் வருவதற்காக எழும்பியிருக்கிறார். அந்தக் கை அங்கே ஏன் இருந்தது என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. ஆறுதலா அது, தண்டனையா? இரண்டையும் பிரித்தெடுக்க அவளால் ஏலவில்லை.

அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, ரஸியாவை விட்டுவிட்டு அவருடைய கடைசி ஆட்டத்தைத் தொட்டாள்.

திறந்தது. தேடித் தேடிப் பார்த்தாள், படையே இல்லை. படைக்கு முந்தினவர் என்று யாரை நினைத்திருந்தாளோ, அவர் முன்னூறு வருஷமாக ஒரு சண்டையும் பிடித்திருக்கவில்லை. தென் கடலோரத்தில் ஒரு சின்ன நாடு, மிளகும் கறுவாவும் ஏற்றின கப்பல்கள், எல்லாச் சுல்தான்மாரோடும் சமாதானம். சாரம் விற்கிற மாதிரியே நாட்டையும் நடத்தியிருக்கிறார். சலாஹுத்தீன் திரையில் வந்து நெஞ்சில் கை வைத்து ஸலாம் சொன்னார். பழைய உடன்படிக்கை முடிகிறதாம், புதுப்பிக்கலாமா என்று கேட்டார்.

ஸாஹிரா முந்தானையை இழுத்துவிட்டாள். "வ அலைக்குமுஸ்ஸலாம், ஹாஜியார்" என்றாள். "சரி, செய்வோம்."

ஆடினாள். கப்பல் அனுப்பினாள், கப்பல் வந்தது. வெளியே மழை விட்டு, தேயிலை மலையில் கொழுந்து நிறுக்க இறங்குகிறவர்களின் பேச்சுச் சத்தம் கேட்டது. நாலு மணி ஆனது, நாலேகால் ஆனது. கூப்பிடுகிற நேரம் அது. அவளை அறியாமலே அவளுடைய காது குசினிப் பக்கம் திரும்பியிருந்தது. கடிகாரம் ஓடுகிற சத்தம்தான் வந்தது.

நாலரைச் சங்கு ஊதியது. தேத்தண்ணி ஊற்ற வேண்டும். எழும்புவதற்கு முன் ஆட்டத்தைப் பதிந்து வைக்க வேண்டுமே. பெயர் கேட்டது. ஸாஹிரா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினாள்.

ஒருத்தரும் கூப்பிடல்ல. எழும்புறன்.